கலெக்டருக்கு உண்ணி பிடுங்கிய வகையில்

கடலூர் முதுநகர்
14.8.2005

மரியே வாழ்க.

சிதம்பரத்தில் ஹாஸ்டலில் வசிக்கும் செல்வி ரெபேக்கா அவர்களுக்கும், அவருடைய பாட்டில்களில் வசிக்கும் சகல உண்ணிகளுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: கலெக்டர் இன்று காலை குளித்தார்.

சும்மா தண்ணீர் தெளித்த குளியல் இல்லை அக்கா. சோப்பு போட்ட குளியல். நான் காதைப் பிடித்துக்கொள்ள, அம்மா பம்படியில் வைத்துத் தேய்க்க, தெருவே நின்று பார்த்தது. நம் நாய்க்குக் கலெக்டர் என்று நான் பெயர் வைத்தபோது நீ சிரித்தாய். தெருவில் இருக்கிற உண்ணியை எல்லாம் கலெக்ட் பண்ணுகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

குளித்து முடித்தவரைத் துவைக்கிற கல்லின் மேல் படுக்கவைத்து அம்மா உண்ணி எடுக்க உட்கார்ந்துவிட்டாள். காது மடலுக்குள், விரல் இடுக்கில், வாலுக்கு அடியில். ரத்தம் குடித்துக் கொழுத்ததெல்லாம் ஆமணக்கு விதை மாதிரி இருந்தது. ஒவ்வொன்றையும் கட்டைவிரல் நகத்தில் வைத்து, இன்னொரு நகத்தால் ஒரு அழுத்து. பட். பேன் குத்துகிற அதே ஸ்டைல். எதிர்வீட்டு ராசம்மாள் அத்தை, “என்னா மேரி, பொரி வறுக்கிறியா?” என்று கேட்டார். சங்கரா மீன் அறுக்கும்போது அம்மா விரலில் அரிவாள்மனை பட்டு ஒரு வெட்டு இருந்தது. அதற்குச் சுற்றியிருந்த துணி, குத்த ஆரம்பித்த உடனேயே கழன்று தண்ணீரோடு போய்விட்டது. அம்மா கவலைப்படவில்லை.

உன் பேச்சை நான் எடுக்கவில்லை. அம்மாவே எடுத்தாள். “இதத்தான் உங்கக்கா எம்.எஸ்சி. படிச்சிட்டு புல்லுல தேடிக்கிட்டுத் திரியுறா. இங்க வந்திருந்தா டம்ளர் டம்ளரா புடிச்சிருக்கலாம்” என்றாள். சொல்லிவிட்டு இன்னொன்றைக் கொஞ்சம் பலமாகவே குத்தினாள்.

ஈஸ்டர் முடிந்த வாரம் பாண்டிச்சேரி மாப்பிள்ளையை நீ வேண்டாம் என்றாய். “உண்ணி பொறுக்கப் போறவ இந்த வாசப்படிய மிதிக்க வேணாம்” என்று அம்மா சொன்னாள். அது வாய் தவறிச் சொன்ன வார்த்தை. நீ அதைக் கல்வெட்டாக்கி, பையை எடுத்துக்கொண்டு போய், இன்னும் வரவில்லை. நடுவில் நானும் கண்டக்டர் சிங்காரம் மாமாவும்தான் தபால் இலாகா. காலை டிரிப்பில் அவரிடம் கொடுத்தால் மதியம் உன் ஹாஸ்டல் வாட்ச்மேன் கையில் இருக்கிறது. அரசாங்கத் தபால் இந்த வேகத்தைக் கனவிலும் பார்க்காது.

இன்னொரு செய்தி. 24ஆம் தேதி விடியற்காலை நம் பங்குக் கோயிலிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்புகிறது. வழக்கம்போல அம்மாவும் போகிறாள். 25 காலை சிதம்பரத்தைத் தாண்டுவார்கள். நீ வந்து நில் என்று நான் சொல்லவில்லை. சாலை பொதுச் சொத்து என்று மட்டும் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஆரோக்கிய ஜெகன்
(பிளஸ் ஒன்; பொதுத்தேர்வு இல்லாத வருஷம்)

*

சிதம்பரம்
16.8.2005

டேய் ஜெகா,

நீ எழுதியதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்ணியை நகத்தில் வைத்துக் குத்தக் கூடாது. அதன் வயிற்றில் நாயின் ரத்தம் மட்டும் இருக்கும் என்று யார் சொன்னது? கிருமி இருந்தால் வெட்டுக்காயம் வழியாக உள்ளே போக அதற்கு வாசப்படி பிரச்சினை எல்லாம் கிடையாது. இத்துடன் ஒரு இடுக்கியும், ஸ்பிரிட் ஊற்றிய குட்டி பாட்டில்களும் அனுப்புகிறேன். தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துப் பாட்டிலில் போடு. அம்மாவிடம் சொல், ஆனால் நான் சொன்னதாகச் சொல்லாதே. நான் சொன்னது என்று தெரிந்தால் வேண்டுமென்றே இன்னும் நாலு குத்துவாள்.

புல்லில் தேடித் திரிகிறேனாம். நான் செய்வது என்னவென்று அம்மா ஒரு தடவையாவது கேட்டாளா? ஒரு கம்பில் வெள்ளைத் துணியைக் கட்டி, மேய்ச்சல் தரையில் இழுத்துக்கொண்டு போகிறேன். ஆடு போகிறது என்று நினைத்து உண்ணி துணியில் தொற்றிக்கொள்ளும். மாதத்துக்கு இரண்டு தடவை, அதே இடங்களில். ஆடு, நாய் மேலிருந்தும் எடுப்பேன். அதை அரைத்து, உள்ளே கிருமியின் மரபணுத் துணுக்கு இருக்கிறதா என்று பார்க்க எங்களிடம் ஒரு மெஷின் இருக்கிறது. அது வாரத்தில் பாதி நாள் வேலை செய்யாது. மீதி நாள் கரண்ட் இருக்காது.

எதற்காக என்று கேள். போன வருஷம் சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு ஊரில் சிலருக்குக் காய்ச்சல் வந்தது. மலேரியா இல்லை, டைஃபாய்டு இல்லை என்று சீட்டில் எழுதினார்கள். என்ன காய்ச்சல் என்று மட்டும் யாரும் எழுதவில்லை. அதில் இரண்டு பேர் பிழைக்கவில்லை. எங்கள் பேராசிரியை மங்கலம் மேடம் அந்த எழுதாமல் விட்ட பெயரைத்தான் தேடுகிறார். அதற்குத்தான் நான் மாப்பிள்ளை வேண்டாம் என்றேன். ‘இப்போ வேண்டாம்’ என்றுதான் சொன்னேன். அந்த ‘இப்போ’ யார் காதிலும் விழவில்லை.

25ஆம் தேதி எனக்கு வேலை இருக்கிறது. வரமாட்டேன்.

எந்த ரோடு வழியாக வருவார்கள்? சும்மா கேட்டேன்.

ரெபேக்கா

*

சிதம்பரம்
25.8.2005, மதியம்

ஜெகா,

போனேன். விடிவதற்கு முன்னாலேயே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கையில் ஃப்ளாஸ்க்கில் காபி, பையில் கால்வலித் தைலம். நீலக் கொடி பிடித்து ஒவ்வொரு பங்காக வந்தார்கள். நம் பங்குக் கொடியைப் பார்த்ததும் ஃப்ளாஸ்க் மூடியைத் திறந்தேன். காவிப் புடவை கட்டிய ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அம்மா இல்லை.

நம் தெருப் பெண் ஒருத்தியை நிறுத்திக் கேட்டேன். “அவுங்க வரலம்மா” என்று சொல்லிவிட்டு, வேறு ஒன்றும் பேசாமல், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் நடந்துவிட்டாள். புரிந்துவிட்டது. நான் நிற்பேன் என்று நீ உளறியிருப்பாய். என்னைப் பார்க்க வேண்டியிருக்குமே என்று வருஷா வருஷம் நடக்கிற நடையையே அம்மா விட்டுவிட்டாள்.

இனி வீட்டில் என்னைப் பற்றிப் பேசாதே. காபியை நானே குடித்துவிட்டேன். ஆறிப் போயிருந்தது.

ரெபேக்கா

*

கடலூர் முதுநகர்
25.8.2005, காலை

பெருமதிப்பிற்குரிய உண்ணித்துறை அதிகாரிக்கு,

இதனால் அறிவிப்பது: என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம் என் நடத்தை இல்லை. வரலாற்றில் இது முதல் தடவை.

காரணம், அம்மாவுக்கு அம்மா வந்திருக்காளாம். இது என் சொந்த ஜோக் இல்லை, ராசம்மாள் அத்தையின் தீர்ப்பு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அம்மாவுக்குக் குளிர் காய்ச்சல். தலை பிளக்கிறது, மூட்டு மூட்டாகக் கழல்கிறது என்றாள். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டாள், கேட்கவில்லை. நேற்று விடியற்காலை நடைப்பயணத்துக்குப் பையெல்லாம் கட்டி வைத்துவிட்டு எழுந்து நின்றாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விடிந்து பார்த்தால் உடம்பில் சிவப்புப் புள்ளி. அத்தை வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்து, “மணல்வாரி அம்ம போட்டிருக்கு. ஊசி மாத்தர எதுவும் கூடாது. வெளையாடிட்டு அவளே எறங்கிடுவா” என்றார். அப்பா உடனே வாசலில் வேப்பிலை செருகினார். நம் வீட்டில் மாதா படத்துக்கு மேலே மெழுகுவத்தி, கீழே வேப்பிலை. இரண்டு பக்கமும் சிபாரிசு.

தாளிக்கக் கூடாது. எண்ணெய் கூடாது. நானும் அப்பாவும் மூன்று வேளையும் இளநீரும் கஞ்சியுமாக ஞானிகள் ஆகிக்கொண்டிருக்கிறோம். அத்தை வீட்டுப் போனை நான் தொடக் கூடாது. அம்மை வீட்டுக் கை. சிங்காரம் மாமா இனி என் கடிதத்தைக் கையால் வாங்க மாட்டாராம். ஒரு செய்தித்தாளைக் காட்டி, “இதுல வையி மாப்ள, நான் மடிச்சிக்கிறேன்” என்றார்.

நீ அனுப்பிய இடுக்கியால் கலெக்டரிடமிருந்து மீதி உண்ணியைப் பிடுங்கி மூன்று பாட்டில் நிரப்பிவிட்டேன். அவரும் இரண்டு நாளாகச் சுருண்டு படுத்திருக்கிறார்.

அம்மா உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இன்று விடியற்காலை வேறு ஒரு பங்கின் நடைப்பயணம் போகிற சத்தம் கேட்டபோது மட்டும் “நம்ம பங்கு இந்நேரம் சிதம்பரம் போயிருப்பாங்க” என்றாள்.

ஜெகன்

*

சிதம்பரம்
25.8.2005, இரவு

ஜெகா,

என் கடிதமும் உன் கடிதமும் நடுவழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் எழுதியதைக் கிழித்துப் போடு.

இதைப் படித்ததும் அம்மாவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார். உள்ளங்காலையும் பார். புள்ளி அங்கே இருக்கிறதா? முதன்முதலில் எங்கே வந்தது, முகத்திலா, மணிக்கட்டிலா? நீர் கோத்த கொப்புளம் இருக்கிறதா? மணல்வாரி காதுக்குப் பின்னால், முகத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கும். இது எப்படி வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மழையில் ஹாஸ்டல் போன் செத்து ரொம்ப நாளாகிறது. காலை பஸ்ஸில் இது வரும். திரும்புகிற டிரிப்பிலேயே பதில் கொடு.

ஒரே ஒரு தடவை, ஜோக் இல்லாமல் எழுது.

ரெபேக்கா

*

கடலூர் முதுநகர்
26.8.2005

அக்கா,

ஜோக் இல்லாமல் எழுதுகிறேன்.

உள்ளங்கையில் இருக்கிறது. அம்மா தூங்கும்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளங்காலிலும் இருக்கிறது, சிலது கருஞ்சிவப்பாக. முதலில் வந்தது மணிக்கட்டிலும் கணுக்காலிலும். கொசுக்கடி என்று நினைத்தோம். முகத்தில் ஒன்றும் இல்லை. கொப்புளம் எங்கேயும் இல்லை. காய்ச்சல் இறங்கவே இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். “அப்பா, இது அம்மை இல்லாம இருக்கலாம். கலெக்டரோட உண்ணியால வந்த காய்ச்சலா இருக்குமோன்னு அக்கா பயப்படுது.” அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிஷப் நம் தெருவுக்கு வருகிறார் என்று ஏப்ரல் மாதம் நான் சொன்னதை நம்பி, ஐஸ் கம்பெனிக்கு லீவு போட்டு, வெள்ளை வேட்டியோடும் மாலையோடும் மத்தியான வெயிலில் நின்றாரே, அன்றைக்குப் பார்த்த அதே பார்வை. “வெளையாட்றதுக்கு நேரங்காலம் இல்லையாடா ஒனக்கு?” என்றார். அடிக்கக்கூட இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

ராசம்மாள் அத்தை திங்கட்கிழமை முதல் தண்ணீர் ஊற்றலாம் என்கிறார். அதுவரை வாசலைத் தாண்டினால் அம்மன் கோபித்துக்கொள்வாளாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்து ஆட்டோவில் போனால் கொஞ்ச நேரம். அந்தக் கொஞ்சத்தை எங்களால் தாண்ட முடியவில்லை.

இன்று மத்தியானம் அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். “ரெபேக்கா, கதவ சாத்து. வெளிச்சம் குத்துது” என்றாள். எனக்கு மீசை முளைக்கிற நேரம், என்னைப் பார்த்து ரெபேக்கா என்கிறாள். சிரித்துவிடலாம் என்று பார்த்தேன். வரவில்லை.

என்ன செய்வது, சொல்.

ஜெகன்

*

சிதம்பரம்
27.8.2005, விடியற்காலை

தம்பி,

உன் கடிதம் கடைசி பஸ்ஸில்தான் வந்தது. இது முதல் பஸ்ஸில் வருகிறது. மங்கலம் மேடம் லேபுக்கு வந்ததும் டாக்டருக்கு ஒரு குறிப்பு எழுதி வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் நான் வருகிறேன். எனக்காகக் காத்திருக்காதீர்கள். உடனே அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இதை அப்பாவிடம் காட்டு.

அப்பா, ஜெகன் விளையாடவில்லை. நான் டாக்டர் இல்லை, உண்ணி பொறுக்குகிறவள்தான். இது உண்ணிக் காய்ச்சலேதான் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் மணிக்கட்டில் ஆரம்பித்து உள்ளங்கைக்கு வந்த புள்ளியை அம்மை என்று நினைத்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்: வீட்டில் நாய் இருப்பதை, அம்மா வெட்டுப்பட்ட விரலால் உண்ணியை நசுக்கியதை, அதற்கு ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வந்ததை. ரத்தப் பரிசோதனை முதல் வாரத்தில் சில சமயம் ஒன்றும் காட்டாது. அதனால் சந்தேகம் வந்தாலே மருந்தை ஆரம்பித்துவிடுவார்கள். புது மருந்து இல்லை, விலை ஜாஸ்தியும் இல்லை. சரியான நாளில் போட்டால் இறங்கிவிடும் காய்ச்சல் அப்பா இது. நாள் தள்ளிப் போனால் சிறுநீரகத்தில் கை வைக்கும், மூளையில் கை வைக்கும்.

அம்மாவுக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் நான் உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கிறேன். அதையும் அம்மாவிடம் சொல்லுங்கள்.

ரெபேக்கா

*

புவனகிரி, சிங்காரம் மாமா வீடு
30.8.2005

அக்காவுக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாய். கண்ணைத் துடைத்த கையோடு, “இந்த வாரம் துணி இழுக்கலன்னா ஒரு வருஷ வேல ஓட்டையாயிடும், நீ போடா” என்று பஸ் ஏற்றிவிட்டாய். பாசம் என்றால் அது.

நேற்று ராத்திரி சிங்காரம் மாமா வந்ததும் வராததுமாக, “மாப்ள, ஒங்கம்மாவுக்கு ஜொரம் எறங்கிடுச்சாம். இட்லி கேட்டுச்சாம்” என்றார். நான் மாமாவைத் தூக்கிச் சுற்றிவிட்டேன். இருவரும் விழுந்தோம். டிக்கெட் பை கிழிந்துவிட்டது. தைத்துத் தர வேண்டும்.

வேலை அறிக்கை. கலெக்டரின் மூன்று பாட்டிலையும் மங்கலம் மேடத்திடம் ஒப்படைத்தேன். உங்கள் லேப் உதவியாளர் பக்கிரி அண்ணனோடு நேற்றும் இன்றும் துணி இழுத்தேன். காலுறைக்குள் பேண்ட்டைச் செருகச் சொன்னார். நான் எதற்கு என்று கேட்டேன். என் அருகில் வர எந்த உண்ணிக்கும் துணிச்சல் இல்லை. ஆடு மேய்க்கிற ஒரு பெரியவர் என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, வேட்டி காயப்போட வேற எடம் கெடைக்கலியா?” என்று கேட்டார். “இது வேட்டியில்ல தாத்தா, வேட்டை” என்றேன். பக்கிரி அண்ணன் சிரிக்கவில்லை. அவருக்கு இலக்கிய ரசனை குறைவு.

அந்தச் சனிக்கிழமை காலை வீட்டில் என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. வரலாறு முக்கியம் என்பதால் நானே எழுதுகிறேன். உன் கடிதத்தை வலது கையில் பிடித்தேன். இடது கையால் மேசையை ஓங்கித் தட்டினேன். அப்பாவின் டம்ளர் எகிறிக் கீழே விழுந்தது. “அப்பா! இது தெய்வத்தோட விஷயம் இல்ல, மருந்தோட விஷயம்!” என்றேன். வாசல் வேப்பிலையை ஒரே இழுப்பில் அறுத்தேன். ராசம்மாள் அத்தை வாயைத் திறந்தார், என் பார்வையைக் கண்டு மூடிக்கொண்டார். அப்பா செருப்புகூடப் போடாமல் ஆட்டோவுக்கு ஓடினார். நான் கட்டளையிட்டேன், குடும்பம் நகர்ந்தது. அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் இல்லை.

ஜெகன்
(உண்ணித்துறை, தற்காலிக இயக்குநர்)

*

கடலூர்
1.9.2005

என் செல்லத் தம்பி,

ஆமாம், இறங்கிவிட்டது. சனிக்கிழமை மதியமே டாக்டர் மாத்திரையை ஆரம்பித்தார். மேடத்தின் குறிப்பைப் படித்துவிட்டு அம்மாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரியான நேரத்துல கொண்டாந்தீங்க” என்றார். திங்கட்கிழமை சாயங்காலம் அம்மாவுக்கு வேர்த்தது. தலையணையே நனைகிற மாதிரி வேர்த்தது. நான் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ரத்தம் சென்னைக்குப் போயிருக்கிறது, முடிவு வர நாளாகும். புள்ளிகள் மங்கிவிட்டன. நேற்று அம்மா காரக்குழம்பு வேண்டும் என்று அப்பாவை அதட்டினாள். அவர் அந்த அதட்டலைக் கேட்டுச் சிரித்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

மேசையைத் தட்டிய கதையை வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன். நர்ஸுகள் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அப்பா மட்டும் அதைக் கேட்டு இருமிக்கொண்டே வெளியே போய்விட்டார். என் ஆய்வேட்டு நன்றியுரையில் உன் பெயர்தான் முதலில்.

அம்மா இன்னும் என்னோடு நேராகப் பேசவில்லை. “தண்ணி வேணும்னு சொல்லு” என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். சுவர் என்னிடம் சொல்கிறது, நான் கொடுக்கிறேன், குடிக்கிறாள். நீயும் அப்பாவும் கட்டாயப்படுத்தித்தானே ஆஸ்பத்திரிக்கு வந்தாள்? நான் எழுதியது என்று தெரிந்திருந்தால் கிளம்பியிருக்க மாட்டாள்.

சனிக்கிழமை காலை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அம்மாவை வாசல்வரை கொண்டுவிட்டுவிட்டு, அப்படியே சிதம்பரம் பஸ் ஏறிவிடலாம் என்றிருக்கிறேன். வாசப்படி மிதிக்க வேண்டாம் என்ற உத்தரவை அவள் இன்னும் வாபஸ் வாங்கவில்லை. பிழைத்து வந்தாளே, எனக்கு அது போதும்.

ரெபேக்கா

*

புவனகிரி
2.9.2005

அக்கா,

முதலில் துறைச் செய்தி. கலெக்டரின் ஒரு பாட்டில் உண்ணியில் கிருமி இருப்பதைக் காட்டும் கோடு தெரிகிறது. மெஷின் வேலை செய்தது, கரண்ட்டும் இருந்தது, இரண்டும் ஒரே நாளில். மேடம் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “இன்னொரு தடவ பண்ணிப் பாக்கலாம். வேற லேபுக்கும் அனுப்பணும். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லக் கூடாது” என்றார். யாரிடமும் சொல்லவில்லை, உன்னையும் சிங்காரம் மாமாவையும் அவர் பஸ்ஸில் வந்தவர்களையும் தவிர. கலெக்டருக்கு மாட்டாஸ்பத்திரியில் ஊசி போட்டாகிவிட்டது. எழுந்து குரைக்கிறாராம்.

இனி எழுதப் போவதை, சனிக்கிழமை நீ வாசலோடு திரும்பப் போகிறேன் என்று எழுதாமலிருந்தால், சாகும்வரை எழுதியிருக்க மாட்டேன்.

அன்று சிங்காரம் மாமா செய்தித்தாளில் வைத்து உன் கடிதத்தை நீட்டினார். படித்தேன். அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் போய் நின்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி, சத்தமாக, மூக்கு ஒழுக. நான் அழுது அப்பா ரொம்ப வருஷமாகப் பார்த்ததில்லையா, என்ன ஏது என்று கேட்காமலே அவரும் அழ ஆரம்பித்துவிட்டார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்த ராசம்மாள் அத்தை, அம்மா போய்விட்டாள் என்று நினைத்து, “அய்யோ மேரீ” என்று மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்துவிட்டார்.

அந்தச் சத்தத்தில் அம்மா எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து, “எவன்டா செத்தான்?” என்று கேட்டாள்.

என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். “யாரு எழுதுனது?” அக்கா என்றேன். “படி.” விக்கி விக்கிப் படித்தேன். ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கிறேன் என்று நீ எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“வெய்யில்ல அவ ஏன் வாசல்ல நிக்கணும்? ஏங்க, ஆட்டோ கூப்டுங்க.”

அத்தை ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தி, “மேரி, இன்னும் தண்ணி ஊத்தலியேம்மா” என்றார்.

“எம்பொண்ணு இதத்தான் படிக்கிறா ராசம்மா. அவ போன்னு சொன்னா போவணும்.”

வேப்பிலையை அறுத்ததும் அம்மாதான். வெளியே வரும்போது தலையில் இடித்தது, இழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். ஆட்டோவில் ஏறும்போது, “இதெல்லாம் நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லாத. தலையில ஏறி உக்காந்துக்குவா” என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். இப்போது அதையும் மீறியாகிவிட்டது. அதனால் நாளைக்கு நீ உள்ளே போயே ஆக வேண்டும். இல்லாவிட்டால் நான் சத்தியத்தை மீறியது வீணாகிவிடும்.

நன்றியுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. வார்டில் கதையைத் திருத்திச் சொல்ல வேண்டாம், நர்ஸுகள் நினைத்துக்கொண்டிருப்பது அப்படியே இருக்கட்டும். துணி இழுத்ததும் பக்கிரி அண்ணன்தான். நான் தண்ணீர் கேனைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றேன். எனக்கு உண்ணி என்றால் பயம்.

அப்புறம், நம் வீட்டில் மேசையே கிடையாது அக்கா. நீ எப்படி நம்பினாய்?

ஜெகன்